மட்டாஞ்சேரியில் மொழி பயிலும் வழி

கொச்சி என்பதை நாம் ஓர் ஊரின் பெயராக வழங்குகின்றோம். நேரில் காண்பவர்க்கு அது பல ஊர்களின் தொகுதி என்பது விளங்கும். கிழக்கே எர்ணாகுளம், நடுவே வெலிங்டன் தீவு, மேற்கே கடலை ஒட்டிக் கோட்டைக் கொச்சி, அதற்கு அடுத்தாற்போல் காயலின் கரையில் மட்டாஞ்சேரி. பரப்பில் சிறிய இடந்தான். ஆயினும் ஒரு முற்பகல் நடந்தால் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகள் வெவ்வேறு வாயில்களிலிருந்து நம் செவியில் விழும். பிழைப்பைத் தேடிப் பிற மண்ணில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இந்த ஊர் ஒரு பாடப் புத்தகம் போன்றது. வந்தவர் எப்படி இவ்விடத்து மொழியைக் கற்றனர், தம் மொழியை எப்படிக் காத்தனர் அல்லது இழந்தனர் என்பதை இங்கே கண்ணாரக் காணலாம்.

1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தில் பழைய முசிறித் துறை தூர்ந்து, கொச்சியின் துறை வாய் திறந்தது என்பர். பின்னர்ப் போர்ச்சுகீசியர் வந்தனர். 1663-இல் டச்சுக்காரர் அவர்களை வென்றனர். 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் மாறியது. அரசு மாறும்தோறும் புதிய மக்கள் வந்து சேர்ந்தனர். கோவாவிலிருந்து வந்த கொங்கணியர் தம் மொழியை இன்றும் வீட்டில் பேசுகின்றனர். குஜராத்தியர் தமக்கெனப் பள்ளியும் கோயிலும் அமைத்துக்கொண்டனர். 1568-இல் கட்டப்பட்ட யூதர் கோயில், சீன நாட்டு நீலவண்ணத் தரை ஓடுகளுடன், இன்றும் நிற்கின்றது. அதன் மக்களோ 1948-க்குப் பின் பெரும்பாலும் இஸ்ரேல் சென்றுவிட்டனர். அப்பெண்கள் மணவீட்டிலும் விழாவிலும் பாடிய பாடல்கள் மலையாளப் பாடல்கள். அவற்றைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தனர். கப்பலேறியபோது அக்குறிப்பேடுகளும் உடன் சென்றன. குடிபெயர்வோர் மொழியைக் கையில் ஏந்திச் செல்வது கைப்பேசிக் காலத்தில்தான் தோன்றியது என்று எவரும் எண்ண வேண்டா!

அச்சின் வரலாற்றில் இவ்வூருக்கும் தமிழுக்கும் உள்ள உறவை நம்மவர் பலர் அறியார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1579-இல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. இரண்டையும் ஆக்கியவர் அண்டிரிக்கி அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்ச்சுகீசியப் பாதிரியார். அவர் முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றவர். பின்வரும் பாதிரிமார்க்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றையும் போர்ச்சுகீசிய மொழியில் எழுதினார். பள்ளி இல்லை, அகராதி இல்லை. பரதவர் பேச்சே பாடம். குடியேறியவன் மொழி கற்பதற்கு அன்றும் இன்றும் முதல் ஆசிரியர் பக்கத்து வீட்டுக்காரரே.

மற்றொரு சான்றும் இவ்வூரிலேயே உண்டு. டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் மலபார் மூலிகைகளைப் பற்றி ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் பெருநூலைத் தொகுத்தார். அது 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மூலிகைகளின் பெயரையும் பயனையும் சொன்னவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். அவருக்குத் துணை நின்றோர் மூன்று கொங்கணி அந்தணர். வைத்தியர் மலையாளத்தில் சொல்ல, அது போர்ச்சுகீசியத்தில் மாறி, அதன் பின் இலத்தீனில் ஏறியது. ஒரு செடியின் செய்தி மூன்று மொழிகளைக் கடந்து சென்றது. வழியில் என்னென்ன உதிர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சற்றுப் பின்னர் வருவேன்.

தமிழ் பேசும் ஒருவர்க்கு மலையாளம் கற்பது எளிது என்பது பொதுவான எண்ணம். ஒருவகையில் உண்மைதான். ‘நோக்கு’, ‘உறங்கு’, ‘அகம்’, ‘புறம்’ என்று நாம் ஏட்டில் மட்டும் கண்ட சொற்கள் அங்கே தெருவில் நடமாடுகின்றன. படகில் பயணம் செய்யும் சிறுவன்கூட ‘நோக்கு’ என்கிறான். நமக்கோ சங்கப் புலவர் வந்து நிற்பது போன்ற மயக்கம். வினைச்சொல்லும் நமக்கு இரக்கம் காட்டுகின்றது: நான் வந்தேன், அவன் வந்தான், அவள் வந்தாள் என்று நாம் மூன்று விதமாகச் சொல்வதை அவர்கள் ‘வன்னு’ என்று ஒரே உருவில் முடித்துவிடுகின்றனர். கற்பவனுக்கு எவ்வளவு மிச்சம்!

ஆனால் இந்த உறவே ஆபத்தும் ஆகின்றது. முற்றும் அன்னியமான மொழியில் ஒரு சொல் தெரியாவிட்டால் நாம் கேட்டுத் தெளிவோம். உறவுமொழியில் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு மேலே போய்விடுகின்றோம். மட்டாஞ்சேரிக் கடைவீதியில், மிளகுக்கே உலகப் புகழ் பெற்ற அந்த ஊரில், ஒரு தமிழர் போய் மிளகு கேட்டால் கடைக்காரர் மிளகாயை அளந்து தருவார். ‘முளகு’ என்றால் அங்கே மிளகாய். நமது மிளகு அவர்க்குக் ‘குருமுளகு’. ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர். ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. ஆகவே ஒருவர் ‘ஒன்னு சம்சாரிக்கணம்’ என்று வந்தால் அவர் குடும்பக் கதையைச் சொல்ல வரவில்லை. இவை சிரித்து மறக்கத் தக்கவை.

சிரிக்க இயலாதவையும் உண்டு. மருத்துவர் ‘பனியுண்டோ?’ என்று கேட்டால் காய்ச்சல் இருக்கின்றதா என்று பொருள். ‘ராவிலெ’ என்பது இன்னும் கொடியது. மலையாளத்தில் ‘ராவிலெ’ என்றால் காலையில்; தமிழ்ச் செவிக்கோ அது ‘இராவிலே’, அதாவது இரவில். இரவுக்கு அவர்கள் ‘ராத்ரி’ என்பர். கணவரின் வேலையை முன்னிட்டுச் சிவகாசிப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்த ஓர் அம்மையாரை நான் சந்தித்தேன். தம் மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரையை ‘ராவிலெ ஒன்னு’ என்று மருந்தகத்தில் சொல்லக் கேட்டு, மூன்று நாள் இரவில் கொடுத்திருக்கின்றார். “புரியாம இருந்திருந்தா கேட்டிருப்பேங்கய்யா. புரிஞ்சுதுன்னு நெனச்சதுதான் வெனையாப் போச்சு” என்றார். நான்காம் நாள் பக்கத்து வீட்டுச் சேச்சி மாத்திரைத் தாளை வாங்கிப் பார்த்த பிறகே செய்தி வெளிப்பட்டது. தீங்கு ஒன்றும் நேரவில்லை. நேர்ந்திருக்கக்கூடும் என்பதை அவர் மறக்கவில்லை.

அதன் பின் அவ்விருவரும் செய்துகொண்ட ஏற்பாடு என்னைக் கவர்ந்தது. அந்தச் சேச்சி நாள்தோறும் வாட்ஸ்அப் வழியாக ஒரே ஒரு வாக்கியத்தைத் தம் குரலில் பதிந்து அனுப்புகின்றார். இவர் அதைக் கேட்டு, தாமும் சொல்லித் திருப்பி அனுப்புகின்றார். பிழை இருந்தால் மீண்டும் ஒரு குரல் வரும், சில வேளை சிரிப்பும் சேர்ந்து. கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, எழுத்துத் தெரியவேண்டுவதும் இல்லை. அடுப்படியில் கை ஈரமாக இருக்கும்போதும் பாடம் நடக்கின்றது. எட்டு மாதத்தில் இவர் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் துணையின்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இத்தகைய முயற்சியை உலகின் பல பகுதிகளில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கின்றனர். வங்காளதேசத்தில் 2009-இல் பி.பி.சி. ‘ஜனாலா’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ‘ஜனாலா’ என்றால் சாளரம். சாதாரணக் கைப்பேசியில் 3000 என்னும் எண்ணை அழுத்தினால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலிக்கும். இணையம் வேண்டா, விலையுயர்ந்த கருவியும் வேண்டா. இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தினர். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியால் 2012-இல் தொடங்கிய ‘மாசெல்டாவ்’ என்னும் ஆராய்ச்சித் திட்டம் வேறு வழியில் சென்றது. புதிதாகக் குடியேறியவர் நகரத்தில் நடமாடும்போதே, மருத்துவரிடம் போவது, கடையில் வாங்குவது, பேருந்தில் ஏறுவது போன்ற தேவைகளுக்கான பாடங்களைக் கைப்பேசி எடுத்துத் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். பலகையில் உள்ள எழுத்தைப் படம் பிடித்து மொழிபெயர்க்கும் வசதியும் அதில் சேர்ந்திருந்தது. பின்னர் இங்கிலாந்தின் மில்ட்டன் கீன்ஸ் நகரில் பொது இடங்களில் சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்தினர். கற்பவர் அவ்விடத்தை நெருங்கியதும் அவ்விடத்துக்கு ஏற்ற ஆங்கிலப் பாடம் அவர் கைப்பேசியில் தோன்றும்.

அறிவாளிகளின் இந்த ஏற்பாட்டை மட்டாஞ்சேரியில் பொருத்திப் பார்க்க எனக்கு ஆசை எழுந்தது. பஜார் ரோட்டில் அரிசி மண்டியை நெருங்கும்போது ‘அரி’, ‘எத்ரயா?’ என்னும் சொற்கள் ஒலிக்கவேண்டும். பேருந்தில் ஏறியதும் ‘ஆளிறங்ஙணம்’ என்று சொல்லித் தரவேண்டும். இல்லையேல் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்ப நேரும். மருந்தகத்தின் வாயிலில் முதற்பாடமே ‘ராவிலெ’ என்பதாக இருத்தல் வேண்டும். ஐரோப்பியத் திட்டத்தின் நுட்பம் இதுதான்: சொல் தேவைப்படும் இடத்திலேயே சொல் கிடைக்கவேண்டும். முப்பது நாளில் மொழி கற்பிக்கும் சிறு புத்தகங்களை நம் தந்தையர் வாங்கி வந்தனர். அவற்றில் ஐந்தாம் நாள் பறவைகளின் பெயர்கள் இருக்கும். மயிலுக்கு என்ன பெயர் என்று ரேஷன் கடையில் யார் கேட்கப் போகின்றார்கள்?

கேரள அரசும் வாளாவிருக்கவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் சுமார் 25 இலட்சம் பேர் கேரளத்தில் இருப்பதாகக் குலாட்டி நிதி ஆய்வு நிறுவனம் 2013-இல் கணித்தது. மாநில எழுத்தறிவு இயக்கம் 2017-இல் எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, தொழிலாளர்க்கு மலையாளம் கற்பித்தது. ‘சங்ஙாதி’ என்றால் தோழன். பாடநூலின் பெயர் ‘ஹமாரி மலயாளம்’. பெயரைப் பார்த்தாலே தெரியும்: இந்தி வழியாகக் கற்பிக்கும் நூல் அது. வங்காளத்தாரும் ஒடிசாக்காரரும் அசாமியரும் பெரும்பான்மையாகிவிட்ட காலத்தில் இது இயல்பே. எனினும் அவர்களுக்கு முன்பே வந்து, இம்மாநிலத்தில் மண் சுமந்தும் கல் அடுக்கியும் சாலை போட்டும் உழைத்தவர் தமிழர். கொச்சியின் வாத்துருத்திக் குடியிருப்பு இன்றும் தமிழ்க் குடியிருப்பாகவே அறியப்படுகின்றது. அவர்களுக்கு ஒரு ‘நம்ம மலையாளம்’ எவரும் எழுதித் தரவில்லை. ‘தமிழர்க்கு எதற்குப் பாடம்? கேட்டாலே புரியுமே!’ என்று எல்லாரும் எண்ணியிருக்கலாம். ‘ராவிலெ’ என்ற சொல்லின் கதையைக் கேட்டவர் அவ்வாறு எண்ணார்.

நிற்க. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பற்றி நம் இளைஞர் மிகையான நம்பிக்கை கொண்டுள்ளனர். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-இல் தமிழும், 2014-இன் இறுதியில் மலையாளமும் சேர்ந்தன. இந்திய அரசு 2021-இல் ‘பாஷா சங்கம்’ என்னும் செயலியை வெளியிட்டது. அன்றாட வாக்கியங்கள் நூற்றுக்கு மேல் 22 மொழிகளில் அதில் உள்ளன. பயனுள்ளவைதாம். ஆனால் இயந்திர மொழிபெயர்ப்பு நெடுங்காலம் ஓர் இந்திய மொழியிலிருந்து மற்றோர் இந்திய மொழிக்கு ஆங்கிலத்தின் வழியாகவே சென்றது. இட்டி அச்சுதனின் மூலிகை போர்ச்சுகீசியத்தைச் சுற்றிக்கொண்டு போனதுபோல, நம் தமிழ் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டு மலையாளத்துக்குப் போயிற்று! அவ்வழியில் முதலில் உதிர்வது மரியாதை. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். மறுபுறம் எது வெளிவரும் என்பதற்கு உறுதி இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கின்றது. ‘நிங்ஙள்’ என்ற சொல் நமது ‘நீங்கள்’ போலவே தோன்றினாலும், வயதில் மூத்தவரை அவ்வாறு விளிப்பதை மலையாளிகள் அவ்வளவாக விரும்புவதில்லை. அவர்கள் அச்சொல்லைத் தவிர்த்து, ‘சேட்டன்’, ‘சேச்சி’, ‘சாரெ’, ‘அம்மச்சி’ என்று முறைப்பெயரையே வைத்துப் பேசுவர். ‘நீங்கள் எங்கே போகிறீர்கள்?’ என்பதை அப்படியே பெயர்த்துக் கேட்டால் சொல்லில் பிழை இராது. கேட்பவர் முகம் மட்டும் சற்றுச் சுளிக்கும். ‘சேட்டன் எவிடெயா போகுன்னெ?’ என்றால் முகம் மலரும். எந்தச் செயலியும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கோட்டைக் கொச்சிக்குப் போகும் படகில் பக்கத்தில் அமர்ந்திருந்த மீன் விற்கும் மூதாட்டி சொல்லித் தந்தார். படகுக் கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து கோட்டைக் கொச்சிப் பக்கமாக நடந்தால் வேலி என்னும் இடத்தில் சலவைக் களம் ஒன்று இருக்கின்றது. ‘தோபி கானா’ என்பர். டச்சுக்காரர் தம் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களை வரவழைத்தனர் என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. இப்போதுள்ள கட்டடத்தைப் பெருங்கொச்சி வளர்ச்சி அதிகாரக் குழு 1976-இல் அமைத்துத் தந்தது. தனித்தனித் தொட்டிகள், கல், கஞ்சிப் பசை, வெளியே வரிசை வரிசையாகக் கயிறுகள். இரு புரிக் கயிற்றை முறுக்கி, அம்முறுக்கின் இடையே துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். கவ்விகள் எதுவும் இல்லை. காற்று எவ்வளவு வீசினாலும் துணி பறப்பதில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கரி இட்ட பழைய இஸ்திரிப் பெட்டியும் அங்கே இன்னும் தொழிலில் இருக்கக் கண்டேன்.

அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். முந்நூறு ஆண்டாகப் பிரிந்து வாழ்ந்தும் மறையாத தமிழ்! ஆனால் அத்தமிழை எழுதப் படிக்க அறிந்தோர் இளையோரில் அரிதாகி வருகின்றனர். பிள்ளைகள் படிப்பது மலையாளத்தில். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். இதில் குறை காண எனக்கு மனமில்லை. வாழும் மண்ணின் மொழியைக் கற்காத பிள்ளை ஒரு கை இழந்த பிள்ளை. சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கு வசதி செய்யவேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவும் கூறுகின்றது. ஏட்டில் உள்ளது எல்லா ஊரிலும் வகுப்பறையாக மாறிவிடுவதில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் பிற மாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு முன்னே தனி வகுப்பு நடத்தி, அவர்கள் தாய்மொழி அறிந்தோரைக் கொண்டே மலையாளம் பயிற்றியது. பிள்ளையின் மொழியைப் பாலமாக வைத்துக்கொண்டு மறுகரைக்கு அழைத்துச் செல்லும் அம்முறை எனக்கு உடன்பாடானது.

சலவைக் களத்தில் ஒரு பாட்டியம்மா இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டே பேசினார். அவர் தமிழில் இடையிடையே ‘பக்ஷே’யும் ‘பின்னெ’யும் வந்தன. அவருடைய மகள் மணமாகித் தென்காசியில் இருக்கின்றாள். அங்கே பிறந்து வளரும் பேத்திக்கு மலையாளம் தெரியாது. இங்கே இருக்கும் பேரனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இருவரும் கைப்பேசியில் ஒருவர்க்கொருவர் குரல் அனுப்பி விளையாடுகின்றனர். பேத்தி தமிழ் எழுத்தைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகின்றாள். பேரன் அதைப் பார்த்து எழுதித் திருப்பி அனுப்புகின்றான். மலையாளம் பயின்ற கைக்கு ‘க’வும் ‘த’வும் ‘ற’வும் பழக்கமான முகங்களே. மற்றவற்றில்தான் தகராறு. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இணையத்தில் தமிழ்ப் பாடங்களை வழங்கி வருவதை அப்பையனின் தந்தைக்குச் சொன்னேன். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். பையனோ, “அக்கா போதும், அவளே பறஞ்ஞு தரும்” என்றான். அதில் ‘தரும்’ என்பது தமிழா மலையாளமா என்று பாட்டியைக் கேட்டேன்.

“ரெண்டுந்தான் சாரே. வாயில வர்றத யாரு பிரிச்சுப் பார்த்தா?” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.